இறுகிய ஜாக்கியும் நனையும் நெல்லும்

காவிரியின் கடைமடையில் அறுவடை நாள் என்பது எண்ணி வைத்த நாள். வானம் வெளுத்திருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்குள் நெல்லை அறுத்துக் களம் சேர்த்துவிட வேண்டும். அறுவடை இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள். சாக்கும் தயார். ஆனால் டிரெய்லர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் முன்பக்கத்து ஜாக்கி இறுகிக் கிடக்கிறது. கைப்பிடி ஒரு சுற்றுக்கூட நகரவில்லை. முன்கொக்கியை டிராக்டரின் உயரத்துக்குத் தூக்க வழியில்லை. நான்கு பேர் தோள் கொடுக்கிறார்கள். ஒருவர் கடப்பாரையால் நெம்புகிறார். இன்னொருவர் கருங்கல்லைத் தேடி ஓடுகிறார். அரை நாள் போய்விடுகிறது. மாலையில் மேகம் கூடுகிறது.

காரைக்கால் பகுதியில் இது எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி. கேட்டால், “கடற்கரை ஊர், உப்புக் காற்று, இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும்” என்ற பதில் வரும். இந்தப் பதில் பாதிதான் உண்மை. உப்புக் காற்று துருவைக் கொண்டுவரும். ஆனால் ஜாக்கியை இறுக வைப்பது கவனிப்பார் இல்லாத நிலைதான். டிரெய்லர் ஒருவருக்குச் சொந்தம், ஓட்டுபவர் வேறு ஒருவர், வாடகைக்கு எடுப்பவர் மூன்றாமவர். மூவரில் எவருக்கும் ஜாக்கி தன் பொறுப்பு அல்ல. அதுவே இந்தக் கோளாற்றின் மூலம்.

கடைமடையின் அவசரம்

காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன்கள் சேர்ந்து ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு, நண்டலாறு போன்ற ஆறுகள் கடலை நெருங்கும் பூமி இது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்றாலும், அந்த நாளில் திறந்தாலும்கூட, இங்கே தண்ணீர் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். தண்ணீர் தாமதித்தால் குறுவை நடவு தாமதிக்கும். நடவு தாமதித்தால் அறுவடை ஐப்பசி மழையில் போய் முட்டும்.

நேரடிக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. தளர்வு கிடைக்கும் ஆண்டுகளும் உண்டு. ஆனால் அதை நம்பி எவரும் பயிர் செய்ய முடியாது. அறுத்த நெல் வரப்போரம் ஓர் இரவு மழையில் கிடந்தால் ஈரம் ஏறும், குவியலுக்குள் சூடு பிறக்கும், மணி நிறம் மாறும், முளைகூட விடும். இரண்டு ஏக்கர் சாகுபடி செய்பவருக்கு அந்த ஓர் இரவு, ஆண்டு வரவில் பெரும் பங்கைக் கொண்டுபோய்விடும்.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி மாநிலத்துக்கு ஒதுக்கிய நீர் 7 டி.எம்.சி.; அது காரைக்கால் பாசனத்துக்கான நீர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. அந்த நீருக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நீரில் விளைந்த நெல், ஒரு கைப்பிடி சுற்றாத காரணத்தால் நனைவது நியாயமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜாக்கி ஏன் இறுகுகிறது?

டிரெய்லரின் திருகு ஜாக்கி எளிய கருவி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். நடுவே நீண்ட திருகுத் தண்டு. அதில் ஏறி இறங்கும் நட். பளுவைத் தாங்கத் தண்டின் மேற்புறம் ஒரு பேரிங். கைப்பிடி பக்கவாட்டில் இருந்தால், உள்ளே இரண்டு சிறிய கியர்களும் உண்டு. கீழே பாதத் தகடு.

திருகின் மரைச் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், கைப்பிடியை விட்டுவிட்டாலும் பளு தானாக இறங்காது. உராய்வுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஜாக்கியின் பலமும் பலவீனமும் அந்த உராய்வே. கிரீஸ் இருக்கும்வரை உராய்வு அளவோடு இருக்கும். கிரீஸ் காய்ந்து, மரையில் துருவும் மணலும் சேர்ந்தால், அதே உராய்வு திருகை அசையவிடாமல் பூட்டிவிடும்.

துருவுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள நூலளவு இடைவெளி அப்படித்தான் அடைபடுகிறது. கடற்காற்றில் வரும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழை இல்லாத நாளிலும் இரும்பு முழுவதும் காய்வதில்லை. டிரெய்லரில் ஏற்றி வரும் பொட்டாஷ் உரத்திலும் குளோரைடு உப்பு இருக்கிறது. மூட்டை கிழிந்து சிந்தினால் அதுவும் இரும்பை அரிக்கும். போதாக்குறைக்கு, பாதத் தகடு சேற்றில் புதைந்தபடி மாதக்கணக்கில் டிரெய்லரை நிறுத்திவிடுகிறார்கள். ஜாக்கியின் அடியில் நீர் வடிவதற்கென விட்ட துளையைச் சேறும் வைக்கோல் தூசியும் அடைக்கின்றன. பெய்த மழை நீர் உள்ளேயே தங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜாக்கியை முழுதும் மேலே ஏற்றாமல் டிரெய்லரை இழுத்துச் சென்றால், வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ பாதம் மோதிக் குழாய் வளைகிறது. வளைந்த குழாய்க்கு எத்தனை எண்ணெய் விட்டாலும் பயன் இல்லை.

கல் முட்டு ஆபத்து

ஜாக்கி வேலை செய்யாவிட்டால் என்ன, கல்லை அடுக்கி நிறுத்தலாமே என்பவர்கள் உண்டு. இது மிகவும் தவறான பழக்கம். இரண்டு சக்கர டிரெய்லரில் சுமையின் ஒரு பகுதி எப்போதும் முன்கொக்கியின் மேல் நிற்கிறது. சுமை முன்னால் கூடினால் கொக்கி தரையை நோக்கி விழும். பின்னால் கூடினால் மேல் நோக்கி எகிறும். இரண்டுமே கையையும் காலையும் முறிக்கக்கூடியவை. நனைந்த மண்ணின் மேல் அடுக்கிய கல் எந்த நொடியிலும் சரியலாம். செங்கல் பளு தாங்காமல் நொறுங்கலாம்.

மாட்டு வண்டிக் காலத்தில் மாட்டை அவிழ்க்கும் முன் வண்டிக்கு முட்டுக் கொடுப்பதைச் சிறு பையனும் அறிந்திருந்தான். தேரோட்டத்தின்போது முட்டுக்கட்டை போடும் ஆளுக்கு என்ன மதிப்பு என்பதைத் திருநள்ளாற்றிலும் திருவாரூரிலும் தேர் இழுத்தவர்களிடம் கேட்டால் தெரியும். பளுவை நிறுத்துவது, பளுவை இழுப்பதைப் போலவே பெரிய வேலை. டிராக்டர் வந்த பிறகு இழுக்கும் வேலைக்குக் கிடைத்த மரியாதை, நிறுத்தும் வேலைக்குக் கிடைக்கவில்லை.

இறுகியதைக் கழற்றும் முறை

இறுகிய ஜாக்கியைக் கண்டதும் பலர் செய்யும் முதல் காரியம், கைப்பிடியில் நீளமான குழாயைச் செருகிப் பலத்தோடு திருகுவது. இதனால் கைப்பிடி முளை அறும். அல்லது கியரின் பல் உடையும். ஓர் இரவு எண்ணெயில் ஊறினால் தீரக்கூடிய கோளாறு, புது ஜாக்கி வாங்கும் செலவாக முடியும்.

முதலில் டிரெய்லரைக் காலி செய்ய வேண்டும். சமதரையில் நிறுத்தி, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். முன்கொக்கி டிராக்டரில் மாட்டியிருக்கட்டும். இல்லையேல் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியின் மேல் பளு இருக்கும்போது எந்த மரையையும் கழற்றக் கூடாது. கொக்கிக்கு அடியில் கையோ காலோ இருக்கக் கூடாது.

பிறகு வெளிச் சேற்றைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். டீசலும் புது என்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து, இரு குழாய்களும் சேரும் இடத்திலும், மேல் மூடி வழியாகத் திருகின் மேலும் விட வேண்டும். டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் துருநீக்கி எண்ணெய் இன்னும் நல்லது. மாலையில் விட்டு, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். அருகில் பீடி, நெருப்பு கூடாது.

காலையில் வெளிக் குழாயைச் சுற்றிலும் மரச் சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். அதிர்வில் துரு உதிரும். எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு கைப்பிடியை ஒரே திசையில் அழுத்தாமல், கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு அசைந்தாலும் போதும். மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல், மறுபடி அசைத்தல். இரண்டு மூன்று நாள் ஆனாலும் பொறுமை வேண்டும்.

கேஸ் விளக்கால் சூடு காட்டும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இதை வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளே தங்கிய கிரீஸும் டீசலும் தீப்பற்றும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைச் சுட்டால் வரும் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சல் காணும்.

திருகு சுற்றத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. ஜாக்கியை டிரெய்லரிலிருந்து கழற்றி, மேல் மூடியைத் திறந்து, கைப்பிடி முளையைத் தட்டி எடுத்து, கியர், வாஷர், பேரிங் ஆகியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு சாக்கின் மேல் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் டீசலில் கழுவி, குழாய்களை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். குழாயின் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

குழாய் வளைந்திருந்தாலோ, நட்டின் மரை தேய்ந்து வழுக்கினாலோ, பழுது பார்ப்பது வீண். அந்த நிலையில் மாற்றிவிடுவதே சிக்கனம். பேரிங் உடைந்திருந்தால் பேரிங்கையும், முளை அறுந்திருந்தால் முளையையும் மட்டும் மாற்றினால் போதும். முளைக்குப் பதிலாக ஆணியை வளைத்துச் செருகுவது தவறு. பளு ஏறும்போது அது அறுந்துபோகும்.

மறுபடி பூட்டும்போது பேரிங்கிலும் கியரிலும் கிரீஸை நன்றாக அப்ப வேண்டும். திருகில் ஒரே சீராகப் பூச வேண்டும். ஈரப் பகுதிக்கு நீரில் கரையாத கிரீஸே ஏற்றது. சக்கரப் பேரிங்குக்குப் பயன்படும் நல்ல கிரீஸ் போதுமானது. பழைய கிரீஸை எடுக்காமல் வேறு வகைக் கிரீஸை அதன்மேல் பூசக் கூடாது. சில வகைகள் கலந்தால் இளகி ஓடிவிடும். என்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத் திருகுக்கு விடுவதும் கூடாது. அதில் கரியும் இரும்புத் தூளும் இருக்கின்றன. அதை வாய்க்காலில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. கடைசியாக, அடித்துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, பளு இல்லாமல் முழுதும் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே பளு கொடுக்க வேண்டும்.

டிப்பர் டிரெய்லரின் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு வேறு முறை. அதன் தண்டு வெளியே நீண்டிருந்தால் உப்புக் காற்றில் மேற்பூச்சு அரித்துப்போகும், அரித்த தண்டு சீலைக் கிழிக்கும், ஆயில் கசியும். ஆகவே வேலை முடிந்ததும் தண்டை முழுதும் உள்ளே இறக்கி வைக்க வேண்டும். அதற்கென உள்ள ஹைட்ராலிக் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. தூக்கிய பெட்டிக்கு அடியில், இரும்பு முட்டுக் கொடுக்காமல், ஒரு நொடிகூட எவரும் நுழையக் கூடாது. சீல் மாற்றும் வேலை மெக்கானிக்குக்கு உரியது.

யாருடைய பொறுப்பு?

இவ்வளவும் தெரிந்தவர்கள் காரைக்காலில் இல்லாமல் இல்லை. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதே கேள்வி.

வண்டிக்காரக் குடும்பத்தில் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை செய்து, அச்சுக்குப் போடாமல் வண்டியைத் தெருவில் இறக்க மாட்டார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்று சொல்லி வளர்ந்த பரம்பரை அது. வண்டியும் மாடும் ஓட்டுபவரும் ஒரே வீடாக இருந்ததால் அந்தக் கவனம் இயல்பாக வந்தது. இன்று டிரெய்லர் வாடகைக்கு ஓடுகிறது. உரிமையாளர் வாடகையை எண்ணுகிறார். டிரைவர் நடையை எண்ணுகிறார். வாடகைக்கு எடுத்த சிறு விவசாயியோ மழையை எண்ணுகிறார். ஜாக்கியை எண்ண ஆள் இல்லை. இழப்பு வரும்போது மட்டும் அது மூன்றாமவர் தலையில் விழுகிறது.

புது ஜாக்கி வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று உரிமையாளர்கள் சொல்லக்கூடும். கிரீஸ் காணாத புது ஜாக்கியும் இந்தக் காற்றில் சில மழைக்காலங்களுக்குமேல் தாங்காது. ஜாக்கி புதிதாகிறது, பழக்கம் பழையதாகவே இருக்கிறது. வாடகை கட்டுபடியாகவில்லை, இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் சொல்வார்கள். மாதம் ஒருமுறை ஜாக்கியை முழுதும் ஏற்றி இறக்கி, துடைத்து, ஒரு விரல் கிரீஸ் தடவக் கால் மணி நேரம் போதும். அறுவடை நாளில் இழக்கும் அரை நாள் வாடகையோடு அதை ஒப்பிட்டால் லாபம் எந்தப் பக்கம் என்பது விளங்கும்.

வாடகைக்கு எடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, “அண்ணே, ஜாக்கியை ஒருதரம் சுற்றிக் காட்டுங்க” என்று கேட்பதில் தவறு இல்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றதே இதுவும். பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், பதினோராவது முறை உரிமையாளர் தாமாகவே கிரீஸ் போடுவார்.

அரசின் பங்கு

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது. இயந்திரம் வாங்கவும், வாடகை மையம் அமைக்கவும் அதில் மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் வாங்கிய கருவி பத்து ஆண்டு உழைத்தால்தான் மானியத்துக்குப் பொருள் உண்டு. பராமரிப்புப் பயிற்சி பெற்ற ஒருவராவது இல்லாத வாடகை மையத்துக்கு மானியம் தருவது, மடை இல்லாத ஏரிக்குக் கரை போடுவதற்குச் சமம்.

பண்ணை இயந்திரப் பயிற்சிக்கென மத்திய அரசு நடத்தும் தென்மண்டல நிலையம் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில், கார்லதின்னெயில் இருக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரர் அவ்வளவு தூரம் போய் வருவது எளிதல்ல. காரைக்காலின் நிலையும் தனி. வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம். இரண்டும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். அங்கே நடக்கும் திட்டங்கள் எல்லை தாண்டுவதில்லை. புதுச்சேரி நகரோ சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில். ஆகவே காரைக்கால் தன் கையையே நம்ப வேண்டியிருக்கிறது.

நம்புவதற்கு வேண்டியவை உள்ளூரிலேயே இருக்கின்றன. செருமாவிலங்கையில் 1987-ல் தொடங்கிய பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் ஆண்டுக்கு இருமுறை, கொம்யூனுக்கு ஒரு நாள் என்று ஒதுக்கினால் ஆறு கொம்யூனுக்கும் மொத்தம் 12 நாட்களே ஆகும். டிரெய்லர் உரிமையாளர்களையும் டிரைவர்களையும் அழைத்து, அவர்கள் கையாலேயே ஜாக்கியைக் கழற்றிப் பூட்ட வைக்க வேண்டும். மேடைப் பேச்சு வேண்டியதில்லை. ஒரு கம்பி பிரஷ்ஷும் ஒரு டப்பா கிரீஸும் போதும். கூட்டுறவுச் சங்கங்கள் பேரிங், முளை, நட் ஆகிய சில்லறை உதிரிகளை அறுவடைக் காலத்தில் இருப்பு வைத்தால், ஒரு முளைக்காகக் கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பும் அவசியம் இராது.

எந்த நாள்?

இதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. ஆயுத பூஜை பருவமழை தொடங்கும் தறுவாயில் வருகிறது. அன்று டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைக்காத ஊர் இல்லை. பொட்டு வைக்கும் முன் கிரீஸ் வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் போதும். பூஜை செய்யாத வீட்டாரும் அந்த வாரத்தையே குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது நாள், சம்பா, தாளடி நெல் வீடு சேர்ந்து, வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் மாசி மாதம். அப்போது ஜாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிவிட்டால், அடுத்த தண்ணீர் வரும்வரை கவலை இல்லை. டிரெய்லரை நிறுத்தும்போது பாதத்துக்கு அடியில் ஒரு பலகை, ஜாக்கியின் தலைக்கு ஒரு பழைய ரப்பர் உறை: செலவு இவ்வளவுதான்.

கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது விவசாயியின் கையில் இல்லை. மழை எப்போது வரும் என்பதும் அவர் கையில் இல்லை. ஜாக்கியின் கைப்பிடி மட்டும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதையாவது சுற்றும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளர், டிரைவர், வாடகைக்கு எடுப்பவர் ஆகிய மூவருக்கும் நன்மை தரும்.